ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியாவின் பட்டங்கள் நான்கா, ஐந்தா?

வணக்கம். வினாடி வினாவுக்காகத் திரட்டிய குறிப்புகளில் இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் பட்டங்கள் ஓரிடத்தில் நான்கு என்றும் மற்றோரிடத்தில் ஐந்து என்றும் இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். ஐந்து என்பதே சரி: 2011, 2016, 2018, 2023, 2024. மஸ்கட்டில் நடந்த 2018 இறுதிப் போட்டி மழையால் கைவிடப்பட்டு, இந்தியாவும் பாகிஸ்தானும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டதால், அந்த ஆண்டை விட்டுவிடுவோருக்கு நான்குதான் வரும். பகிர்ந்துகொண்ட பட்டமும் பட்டமே என்பதால் அதைச் சேர்ப்பதே முறை.

ஆசியக் கோப்பை வேறொரு தொடர் என்பதையும் கவனியுங்கள். அதில் இந்தியா 2003, 2007, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் வென்றிருப்பதால், அங்கிருந்தும் நான்கு என்ற எண் உங்கள் குறிப்பில் கலந்திருக்கக்கூடும்.

வினாவுக்கு 2023 தொடரைப் பரிந்துரைக்கிறேன். சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில், இடைவேளையின்போது மலேசியாவிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, ஹர்மன்பிரீத் சிங்கும் குர்ஜந்த் சிங்கும் அடுத்தடுத்து அடித்த கோல்களால் சமன் செய்து, 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலால் 4-3 என வென்றது. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அந்த அணியில் இடம்பெற்றிருந்தது நமக்குத் தனிப் பெருமை. அவரைப் பற்றியும் ஒரு வினா அவசியம் சேருங்கள்.