பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையோடு நின்றுவிடுவது இயல்பா?

"என்டியூவில் (சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்) முனைவர் பட்டம் முடித்த என் தங்கைக்கு ஒரே ஒரு கட்டுரைதான். அவளுடைய பேராசிரியருக்கு நூற்றுக்கும் மேல். ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கையிடம் முதலில் சொல்லுங்கள், அவர் பெரும்பான்மையோடுதான் இருக்கிறார். 1926இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஆல்ஃபிரட் லோட்கா, ஒரு வேதியியல் ஆய்வுச் சுருக்க இதழின் பத்தாண்டு அட்டவணையில் ஏ, பி எழுத்துகளில் தொடங்கும் 6,891 பெயர்களை எண்ணினார். சுமார் 58 விழுக்காட்டினர் ஒரே ஒரு முறைதான் எழுதியிருந்தார்கள். மற்றவர்களிடமும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு கட்டுரை எழுதியவர்கள் 100 பேர் என்றால், இரண்டு எழுதியவர்கள் ஏறத்தாழ 25, மூன்று என்றால் 11, பத்து என்றால் ஒருவர். அதாவது 100ஐக் கட்டுரை எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுக்கிறோம். எல்லாத் துறைக்கும் இது அச்சாகப் பொருந்தாது. கூட்டுக் கட்டுரைகளை லோட்கா முதன்மை ஆசிரியர் கணக்கில் மட்டுமே சேர்த்தார். இன்று ஒரே கட்டுரையில் பத்துப் பெயர் வருகிறதே!

சரி, காரணம்? ஒரு கட்டுரை வந்தால் நிதி கிடைக்கும், நிதி வந்தால் மாணவர்கள் வருவார்கள், அப்புறம் அவர்களோடு சேர்ந்து இன்னும் பல கட்டுரைகள். பேராசிரியரின் நூறு இப்படிச் சேர்ந்ததுதான். பட்டம் முடித்து வேறு வேலைக்குப் போகிறவர்களின் கணக்கோ ஒன்றிலேயே நின்றுவிடும். இந்தத் 'திரளும் அனுகூலத்தை' 1976இல் கணிதமாக்கியவர் அறிவியல் வரலாற்றாய்வாளர் டெரெக் பிரைஸ். அவர் 1940களின் இறுதியில் நம் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.