கொள்ளைநோயும் வேதமும்: வாத்தியாரிடம் கேளுங்கள்

இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பாஸ்டர் இல்லை, டாக்டரும் இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் விசுவாசம், வேதம், சபை பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

திசையன்விளையிலிருந்து: பாஸ்டர், 91ஆம் சங்கீதத்தில் "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று தெளிவாகவே இருக்கிறது. பிறகு முகக்கவசம் எதற்கு, தடுப்பூசி எதற்கு?

பாஸ்டர் இல்லை என்று மேலேயே சொன்னேன். இருக்கட்டும். புதிய ஏற்பாட்டில் அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொல்லி வாதாடுகிற ஆள் யார் தெரியுமா? சாத்தான். மத்தேயு 4ஆம் அதிகாரம். இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். வசனத்தில் பிழை இல்லை. அதற்கு இயேசு சொன்ன பதில்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." நம்பிக்கை குறைந்து அவர் குதிக்காமல் இருந்தார் என்று யாராவது சொல்வோமா?

2021-ல் என் சித்தி வீட்டு ஃப்ரிட்ஜில் இதே வசனம் வாக்குத்தத்த அட்டையாக ஒட்டியிருந்தது. சித்திக்குச் சர்க்கரை நோய். ஒரு ஊழியக்காரர் போனில் ஜெபித்துவிட்டு, "இனி மாத்திரை வேண்டாம், விசுவாசியுங்கள்" என்றிருக்கிறார். அவர் யார் என்று கேட்காதீர்கள். நான் போனபோது சித்தியின் வேதாகமத்தில் மாத்திரை அட்டைதான் பக்க அடையாளமாக இருந்தது. பத்தில் எட்டு பிரிக்கப்படாமல். சித்தி பிழைத்தார். கால்விரல் இரண்டு போயிற்று.

ஆகவே எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்: வசனத்தைக் கிள்ளி எடுக்காதீர்கள். முன்னே ஐந்து, பின்னே ஐந்து வசனம் சேர்த்துப் படியுங்கள்.

ஆம்பூரிலிருந்து: கொள்ளைநோய் தேவனுடைய தண்டனையா, ஐயா?

தண்டனை என்று வேதமே சொல்லும் இடம் ஒன்றைப் பார்ப்போம். 2 சாமுவேல் 24. தாவீது ஜனத்தொகை எடுத்தான். மூன்று நாள் கொள்ளைநோயில் 70,000 பேர் செத்தார்கள். எண்ணச் சொன்னவன் ராஜா, செத்தவர்கள் ஜனங்கள். தாவீதுக்கே பொறுக்கவில்லை: "இந்த ஆடுகள் என்னசெய்தது?" என்று கேட்கிறான். தண்டனை என்று எழுதியிருக்கும் இடத்திலேயே செத்தவன் பாவி என்று சொல்ல வழியில்லை. அப்படி எழுதப்படாத ஒரு நோயில் பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தால், அவர் என்ன பாவம் செய்தாரோ என்று பேச நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று இயேசு சொன்னதையும் படியுங்கள், லூக்கா 13. முன்னே ஐந்து, பின்னே ஐந்து.

ஓசூரிலிருந்து: தடுப்பூசிதான் 666 முத்திரை என்கிறார்களே?

வெளிப்படுத்தல் 13-ல் மிருகத்தை வணங்குகிறவர்களுக்கு இடும் முத்திரை அது, வலதுகையில் அல்லது நெற்றியில். எனக்கு ஊசி போட்டது இடது புஜத்தில். அந்த அதிகாரத்தின் பேச்சு யாரை வணங்குகிறோம் என்பது பற்றி, மருந்து பற்றி அல்ல. அடுத்தது.

நாசரேத்திலிருந்து: கொள்ளைநோய் வந்தபோது மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகவில்லை என்று பிரசங்கத்தில் கேட்டேன். அப்படியானால் விசுவாசிகள் தைரியமாக வெளியே நடமாடலாம் என்றுதானே அர்த்தம்?

பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் இருந்தது ஜெர்மனியின் விட்டன்பர்கில். 1527 ஆகஸ்டில் அங்கே கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றினார்கள். லூத்தரையும் போகச் சொன்னார் இளவரசர் யோஹான். லூத்தரும் ஊர்ப் போதகர் புகன்ஹாகனும் தங்கிவிட்டார்கள். லூத்தர் குடியிருந்தது பழைய துறவியர் மடம். அதுவே ஆஸ்பத்திரி ஆயிற்று. அவர் மனைவி கத்தரினா அப்போது கர்ப்பிணி. டிசம்பரில் பிறந்த எலிசபெத் எட்டு மாதம்கூட வாழவில்லை.

அந்த நாட்களில் பிரெஸ்லாவில் இருந்த யோஹான் ஹெஸ் என்ற போதகர், சாவுக்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டிருந்தார். லூத்தர் எழுதிய பதில் அச்சிலும் வந்தது. பிரசங்கங்களில் அதன் முதல் பாதியைத்தான் சொல்வார்கள்: போதகர், நகரத் தலைவர், வைத்தியர் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் ஜனங்களைத் தவிக்கவிட்டு ஓடக்கூடாது. மறுபாதி இது: நோயாளியைக் கவனிக்க ஆள் இருக்கிறது, உன்மேல் பொறுப்பில்லை என்றால் தாராளமாகப் போ, அது பாவம் இல்லை. மருந்து சாப்பிடு, வீட்டுக்கும் தெருவுக்கும் புகை போடு. உன் உதவி தேவைப்படாத இடத்துக்கும் ஆளிடத்துக்கும் போகாதே. மருந்து வேண்டாம் என்று வீறாப்பாகத் திரிகிறவன் தேவனைப் பரீட்சை பார்க்கிறான் என்கிறார். அவனால் இன்னொருவனுக்கு நோய் தொற்றிச் செத்தால் அந்தக் கொலையும் அவன் தலைமேல்தான் என்கிறார்.

கொள்ளைநோயை நெருப்போடு ஒப்பிடுகிறார். மரத்தையும் வைக்கோலையும் விட்டுவிட்டு உடலையும் உயிரையும் தின்கிற நெருப்பு. தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் யாராவது நிற்பார்களா?

கடைசியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இவ்வளவு இறையியல் பேசிவிட்டு, கல்லறையை ஊருக்கு வெளியே மாற்றுங்கள் என்று முனிசிபாலிடி ஆள்போல யோசனை சொல்கிறார். ஆகவே லூத்தர் தங்கினார் என்று சொல்கிறவரிடம், எதற்குத் தங்கினார் என்று கேளுங்கள். ஊர் சுற்றுவதற்கு அல்ல, படுக்கையில் கிடந்தவர்களுக்காக.

வேலூரிலிருந்து: லேவியராகமத்தில் குஷ்டரோகியைப் பாளயத்துக்கு வெளியே அனுப்பினார்கள். அதுதானே தனிமைப்படுத்துதல்?

ஏழு நாள் அடைத்துவைத்து ஆசாரியன் மறுபடி பார்ப்பது, மேலுதட்டை மூடுவது எல்லாம் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அதே "குஷ்டம்" துணியிலும் பிடிக்கும், 14-ல் வீட்டுச் சுவரிலும் பிடிக்கும். சுவருக்குத் தொழுநோய் வருமா? எபிரேயச் சொல் தோல் படை, பூஞ்சை என்று பலதைக் குறிக்கும். மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லாகப் போட்டதில் தொழுநோயாளிகள் நூற்றாண்டுக்கணக்கில் தீட்டுப்பட்டார்கள். உங்கள் ஊரில் டாக்டர் பால் பிராண்ட்தான், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போனதால் காயம்பட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார்.

பெயர் சொல்லாத ஒருவர்: காய்ச்சலுக்கு எந்த மாத்திரை எத்தனை வேளை?

டாக்டரிடம் போங்கள். இன்றைக்கே.

சார்ஜாவிலிருந்து: ஆலயத்தை மூடியது எபிரெயர் 10:25-க்கு விரோதம் இல்லையா?

கூடிவருவதை விடாதே என்கிறது. கூரைக்குக் கீழே என்று சொல்லவில்லை. 1666-ல் இங்கிலாந்தில் ஈயம் (Eyam) என்ற கிராமத்தில் கொள்ளைநோய் பரவியபோது, போதகர் மொம்பெசன் கோயிலைப் பூட்டிவிட்டு ஒரு பள்ளத்தாக்கில் ஆராதனை நடத்தினார். குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்றார்கள். நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகக்கூடாது என்று ஊரே எல்லையைத் தாண்டாமல் இருந்தது. மொம்பெசனின் மனைவியும் அந்த ஆகஸ்டில் இறந்துபோனார்.

மதுரையிலிருந்து: கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் திருவிருந்துக்குச் சின்னச் சின்னக் கிண்ணம். பெரியவர்கள் ஒரே பாத்திரம்தான் வேண்டும் என்கிறார்கள். எது சரி?

இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்வதுதான் திருவிருந்து. பாத்திரத்தை "உங்களுக்குள்ளே பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்கிறது லூக்கா 22. எப்படி என்று சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 10-ல் பவுல் ஒரே அப்பம் என்கிறார். ஒரே பாத்திரத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் அப்பத்தை மட்டும் தனித்தனி வில்லையாக வாங்கிக்கொள்கிறார்கள். தனிக் கிண்ணம் அமெரிக்காவில் 1890களில் வந்த பழக்கம். இங்கிலாந்திலோ அப்பம், திராட்சரசம் இரண்டையும் ஜனங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்ற 1547ஆம் வருடச் சட்டத்திலேயே, அவசியம் நேர்ந்தால் ஒழிய என்று ஒரு விலக்கு உண்டு. 2020-ல் அதைக் காட்டித்தான் பாத்திரத்தை நிறுத்தினார்கள். இரண்டும் சரிதான்.

நாகர்கோவிலிலிருந்து: கர்த்தருடைய ரத்தத்தில் கிருமி இருக்குமா? இது அவிசுவாசம்!

அண்ணாச்சி, கொரிந்து சபையில் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் அநேகர் வியாதிப்பட்டார்கள், அநேகர் செத்தும் போனார்கள் என்று பவுலே எழுதுகிறார், 1 கொரிந்தியர் 11:30. கிருமியால் என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்று அதே அதிகாரத்தில் மேலே இருக்கிறது: வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவன் பசியோடு நின்றான்.

தஞ்சாவூரிலிருந்து: ஐயா, கிருமி ஒரு சாக்கு. எங்கள் தாத்தா காலத்தில் யார் வாய் வைத்த பிறகு யார் குடிப்பது என்பதுதான் பிரச்சினையே.

காலையிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை தீர்மானமாக, உடனடியாக, அடியோடு ஒழியவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை ஆலயத்தில் தனித்தனி இருக்கை. திருவிருந்துக்கு மேல்சாதிக்காரர்கள் முதலில், மற்றவர்கள் பிறகு. கடிதத்தைக் கேட்டு வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். காலரா கிருமியைத் தேடி ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் அதே கல்கத்தாவில் வந்து இறங்கியது 1883 டிசம்பரில். ஐம்பது வருடம் கழித்து! கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில் வரிசை மட்டும் இருந்தது.

அதற்காகச் சின்னக் கிண்ணம் எல்லாமே சாதி என்று நான் சொல்லமாட்டேன். என் சபையிலும் இப்போது அதுதான், அதில்தான் குடிக்கிறேன். ஆனால் தொற்று ஓய்ந்த பிறகு எல்லாக் கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்காருகிறவர், இந்த ஒரு பாத்திரத்துக்கு மட்டும் இன்னும் பயப்படுகிறார் என்றால், எந்தத் தொற்றுக்குப் பயப்படுகிறார் என்று கேட்கத் தோன்றுகிறது.

கோவையிலிருந்து: கொள்ளைநோய் பற்றிப் பேசும்போது சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?

பவுல் இழுத்தார். 1 கொரிந்தியர் 11:21. முன்னே ஐந்து, பின்னே ஐந்து.

மறுபடியும் கோவை: அது சாதி இல்லை, பணக்காரன் ஏழை.

கொரிந்துவில் அது, நம் ஊரில் இது. இதோடு விடுகிறேன், இன்னும் 11 பேர் காத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி, தேனி, இன்னும் நான்கு பேர்: 91ஆம் சங்கீதம்...

மேலே பாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: சபையில் கிண்ணங்களைக் கழுவுகிற பொறுப்பு என்னுடையது, ஐயா. ஒரு தட்டில் நாற்பது, மொத்தம் ஆறு தட்டு. அடியில் ரசக் கறை போகவே மாட்டேன் என்கிறது. கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம் அம்மா. கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? கண்ணாடி என்றால் ஆராதனை முடிந்ததும் காயவிடாமல் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அப்புறம் சமையல் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். என் வீட்டம்மா பாட்டில் கழுவுகிற சின்ன பிரஷ் வைத்திருப்பாள். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் கவிழ்த்து நன்றாக உலரவிடுங்கள். இருநூற்று நாற்பது கிண்ணத்தையும் ஒரே ஆள் கழுவவேண்டும் என்று எந்த அதிகாரத்திலும் இல்லை. சபைக் கமிட்டியில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.