சர்க்கரை இருந்தால் ரத்தம் உறையாதா?

கேள்வி: வயது 58. கொடுமுடிப் பக்கம் மஞ்சள் தோட்டம். 12 வருடமாகச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 9.2. போன வாரம் காலில் சோளத்தட்டுக் கட்டை குத்திவிட்டது. வாசலில் ரத்தத்தைப் பார்த்துப் பேத்தி சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். ஆனால் ரத்தம் உடனே நின்றுவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு உறையாது என்பார்களே? போன வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன், என்னையும் தினமும் ஆஸ்பிரின் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: உங்கள் ரத்தம் நன்றாகவே உறைகிறதுங்க. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே உறையக்கூடும். புண் ஆறாமல் இழுப்பதைப் பார்த்துவிட்டு உறையவில்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆறுவது வேறு, உறைவது வேறு.

சர்க்கரை ஏறியே கிடந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் சின்னத் தூண்டலுக்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உறைகட்டிக்கு வலை பின்னும் புரதத்தில் சர்க்கரை ஒட்டுவதால் வலையும் நெருக்கமாக விழும். வேலை முடிந்ததும் அதைக் கரைக்க உடம்பில் ஏற்பாடு உண்டு. டைப் 2 காரர்களுக்கு, அதிலும் தொப்பை இருந்தால், அந்த ஏற்பாட்டைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதம் கூடிவிடுகிறது. (கவுந்தப்பாடிப் பாகு மாதிரி ரத்தம் இறுகுகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கால் புண்ணில் உறைந்தால் நல்லது, இதயக் குழாயிலோ மூளைக் குழாயிலோ உறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம்.

ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும். ஸ்டென்ட் வைத்த அண்ணனுக்கு அது அவசியம், அவர் நிறுத்தக் கூடாது. உங்கள் கணக்கு வேறு. 2018இல் வெளியான அசெண்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், இதய நோய் வராத 15,480 சர்க்கரை நோயாளிகளை ஏழு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். ஆஸ்பிரின் போட்டவர்களில், போடாதவர்களைவிட ஆயிரத்துக்கு 11 பேர் கூடுதலாக மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றிலிருந்து தப்பினார்கள். ஆனால் அதே ஆயிரத்தில் 9 பேருக்குக் கூடுதலாகப் பெரிய ரத்தக்கசிவு வந்தது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கின கதைதான். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். 9.2ஐ 7 பக்கம் இறக்குவது, பிரஷர், கொழுப்பு மாத்திரை பற்றி முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். பீடி இருந்தால் விடுங்கள்.

எனக்கு உறுத்துவது நீங்கள் கேட்காத விஷயம். கட்டை குத்தியதே தெரியவில்லை என்கிறீர்கள். பாதம் மரத்துப்போயிருக்கலாம். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்போம். இரண்டு நிமிட வேலை. சிலாம்பு உள்ளேயே இருந்தாலும் உங்களுக்கு வலிக்காது. நாளைக்கே போய்க் காட்டி, தனுர்வாதம் வராமல் தடுக்கும் டிடி ஊசியும் கேளுங்கள். மஞ்சள் பத்துப் போட்டிருந்தால் கழுவிவிட்டுப் போங்கள். அதற்கடியில் புண் தெரியாது.