திருச்சிக்காரர்கள் இலையில் பிரதமன் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் தக்கலை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாப்பிள்ளை வீடு திருச்சி. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில், கார்த்திகையில், சூரிய உதயத்தில் தாலி கட்டவேண்டும் என்பது என் ஆசை. மொத்தம் 300 பேர். ஈவென்ட் மேனேஜர் புல்வெளியில் புஃபே வைக்கலாம், பெட்டி வைத்த அழைப்பிதழ் அடிக்கலாம் என்கிறார். அம்மாவோ இலை போட்டு நம்மூர்ச் சாப்பாடு போடாவிட்டால் சொந்தக்காரர் முகத்தில் முழிக்க முடியாது என்கிறார். தேங்காய் எண்ணெய் வாசனை ஒத்துவராது என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு. எதை விட, எதைப் பிடிக்க? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்கிற காரணத்துக்காக அல்ல. திருச்சியிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வருகிற ஆளுக்கு பனீர் பட்டர் மசாலாவும் கோபி மஞ்சூரியனும் தில்லை நகரிலேயே கிடைக்கும், அதைச் சாப்பிட அவர் குமரி முனைவரை வரவேண்டியதில்லை. இந்த ஊரில் கல்யாணம் வைத்தால் இந்த ஊர்தான் சோறு போடவேண்டும்.

முதலில் தேதி. கார்த்திகை வேண்டாம். சபரிமலை சீசன், மாலை போட்டவர்கள் வண்டி வண்டியாகக் கன்னியாகுமரியில் வந்து இறங்குகிற நேரம், அறைக்குக் கேட்கிற வாடகையைக் கேட்டால் தலை சுற்றும், போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை. தை மாதக் கடைசியில் முகூர்த்தம் கிடைக்குமா என்று ஜோசியரிடம் கேளுங்கள். மகரவிளக்கு முடிந்து கூட்டம் கலைந்திருக்கும், வானமும் வெளுத்திருக்கும்.

சூரிய உதயத் தாலி அழகுதான், நான் தடுக்கவில்லை. ஆனால் தை மாதத்தில் ஆறே முக்கால் வாக்கில் சூரியன் வரும் என்றால் நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து தலை பின்னவேண்டும், மாப்பிள்ளையின் பாட்டி நாலு மணிக்குக் குளிக்கவேண்டும். ஏழரைக்கு எல்லாம் முடிந்துவிடும். காலை ஏழரைக்கு யாரும் பிரதமன், அதாவது நம்மூர்த் தேங்காய்ப்பால் பாயசம், குடிக்கமாட்டார்கள், ஆக உங்களுக்குக் காலைச் சாப்பாடு ஒன்று, பதினொன்றரைக்கு மேல் இலைச் சாப்பாடு ஒன்று என்று இரண்டு கணக்கு. காலையில் ஆப்பம், கடலைக்கறி, இடியாப்பம், கூடவே நாகர்கோவில் ரசவடை, போதும். இடையில் எல்லாரையும் விவேகானந்தர் பாறைக்கு அனுப்பிவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். கடல் சரியில்லை என்றால் படகு ஓடாது, ஓடினாலும் வரிசையில் நின்றே பொழுது போய்விடும், பந்தியில் பாதி இலை காலியாகக் கிடக்கும்.

புல்வெளியில் சாப்பாடு, அது புஃபேயோ இலையோ, கூடவே கூடாது. முப்பந்தலில் காற்றாலையை ஏன் நட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள், அதே காற்றுதான் உங்கள் ரிசார்ட்டிலும் வீசுகிறது. சோறு விழுகிறவரை இலை நிற்காது, நுனி மடிந்து உப்பேரியின் (வாழைக்காய் வறுவல்) மேல் விழும், பப்படம் பறக்கும், பறக்காத பப்படம் உப்புக்காற்றில் ஐந்து நிமிடத்தில் நமுத்து ரப்பர் மாதிரி ஆகும். பப்படத்தை மொத்தமாகப் பொரித்துக் கூடையில் அடுக்கவிடாதீர்கள், பந்திக்குப் பந்தி பொரிக்கச் சொல்லுங்கள். மணவறை வெளியில் இருக்கட்டும், நிலவிளக்கைச் சுற்றி மட்டும் ஒரு மறைப்பு வையுங்கள். சாப்பாடு நாலு சுவருக்குள் நடக்கட்டும். 150 பேர் உட்காரும் ஹால் இருந்தால் இரண்டே பந்தி.

ரிசார்ட்காரர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வெளிச் சமையலுக்கு விடுவீர்களா? பல இடத்தில் விடமாட்டார்கள். அவர்கள் சமையல்காரர் அவியல் என்று ஒன்றை, காரட்டும் பீன்ஸும் போட்டு, தயிர்க் குருமா மாதிரி கொண்டுவந்து வைப்பார். விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள், நாகர்கோவிலிலோ சுசீந்திரத்திலோ நல்ல மண்டபம் பிடித்துவிட்டுக் கடற்கரையைப் போட்டோவுக்கு வைத்துக்கொள்ளலாம். விடுவோம் என்றால் ஆக்குப்புரை (சமையல் பந்தல்) போட இடம், தண்ணீர், பாத்திரம் கழுவ வசதி எல்லாவற்றையும் தவசிப்பிள்ளையை, அதாவது தலைமைச் சமையல்காரரை, நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் பார்க்கிற பார்வை ஈவென்ட் மேனேஜருக்கு வராது.

இப்போது தேங்காய் எண்ணெய். திருச்சிக்காரர்கள் பயப்படுவது பெரும்பாலும் அவியலுக்குக் கடைசியில் பச்சையாக ஊற்றுகிற எண்ணெய்க்குத்தான். அதை நிறுத்தினால் அது அவியலே இல்லை, நிறுத்தாதீர்கள். மற்றதை நல்லெண்ணெயிலோ கடலையெண்ணெயிலோ தாளிக்கச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பருப்பு நெய், சாம்பார், புளிசேரி, அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிக்கறி, நாரங்காய், ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரை வரட்டி, கூட மட்டிப்பழம். இதற்குமேல் ஏறுகிற ஒவ்வொரு வகையும் இலையில் மிச்சமாகத்தான் போகும், ஈவென்ட் மேனேஜரின் பில்லில் மட்டும்தான் தெரியும். பாயசம் இரண்டு போதும்: அடைப்பிரதமன், பால் பாயசம். பால் பாயசத்தோடு போளியோ பூந்தியோ. சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பிரதமன், உங்கள் ஆசையென்றால் தை மாதத்தில் புதுப் பழம் கிடைப்பது கஷ்டம், போன சீசனில் கிளறி வைத்த சக்கை வரட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று அத்தைமாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திருச்சியில் பாயசம் சின்னக் கப்பில் வரும், வெளியூர்க்காரர் அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இங்கே விளம்புகிற ஆள் வாளியோடு வந்து இலையிலேயே ஊற்றுவார், வெளியூர்க்காரர் அலறிக்கொண்டு கையை நீட்டி மறைப்பார். பாயசம் வந்ததும் சாப்பாடு முடிந்துவிட்டது என்று இலையை மடித்துவிடுவார், அப்புறம்தான் ரசமும் மோரும் வரும். இதற்கு ஈவென்ட் மேனேஜர் சொன்ன பெட்டி அழைப்பிதழ் காசில் நூறில் ஒரு பங்கு போதும்: உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை அடித்து இலைக்குப் பக்கத்தில் வையுங்கள். என்ன என்ன வரும், எந்த வரிசையில் வரும், பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் பிரதமனில் உடைத்துப் பிசைந்து சாப்பிடலாம், பாயசத்துக்குப் பிறகும் சோறு உண்டு, பக்கத்தில் இருக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீர் பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்ட வெந்நீர்தான். இவ்வளவுதான் எழுதவேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பக்கத்தில் நம்மூர்ப் பெரியம்மா ஒருத்தியை உட்காரவைத்தால் அட்டைகூட வேண்டாம், ஆனால் பெரியம்மா பாயசத்தோடு மற்ற கதையும் சொல்லிவிடுவார்.

பெட்டி அழைப்பிதழ் பரணுக்குத்தான் போகும். சிவகாசியில் அடித்த சாதாரண கார்டு, நாலு மூலையில் மஞ்சள். வெளியூர்க்காரர் கார்டுக்குள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு: ரயில் என்றால் நாகர்கோவிலில் இறங்குவதா கன்னியாகுமரியிலா, பஸ் என்றால் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் யார் நிற்பார், அவர் போன் நம்பர். ஸ்கேன் செய்தால் மேப் வருகிற கட்டத்தைப் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், தாத்தாமார் எழுத்தைத்தான் படிப்பார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, அதற்குள் தேதி எல்லார் கையிலும் இருக்கவேண்டும், கார்டு பின்னால் வரட்டும், வாட்ஸ்அப்பில் தேதி முன்னால் போகட்டும். சென்னை எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் திருச்சியில் நிற்கும், பெரியவர்களுக்கு அது நல்லது. அது நாகர்கோவிலோடு சரி, அங்கிருந்து வேன் உங்கள் பொறுப்பு.

பூ தோவாளைப் பூச்சந்தையில் எடுங்கள். முகூர்த்த நாளில் பிச்சி, மல்லிகை விலை எகிறும் என்பது தெரிந்ததுதான், முன்பணம் கொடுத்துவிட்டால் தொந்தரவு இல்லை. மாலைக்கு இறக்குமதி ஆர்க்கிட் வேண்டாம், தோவாளை மாணிக்கமாலையைக் கேளுங்கள். வெள்ளை அரளியும் செவ்வரளியும் பச்சையிலையும் வைத்துப் பாய் மடித்த மாதிரி தட்டையாகக் கட்டுவார்கள், புவிசார் குறியீடு வாங்கிய சாமான், கடற்காற்றில் உதிரவும் உதிராது.

தாம்பூலப் பையில் பெயர் அச்சடிக்கக் கொடுக்கும் முன் துணியைத் தொட்டுப் பாருங்கள். கடையில் மலிவாகக் காட்டுவார்களே, துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பை, அது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அப்படியே. பருத்தி மஞ்சப்பை போதும், அதைத்தான் ஆள்கள் திரும்பக் காய்கறிக்கு எடுத்துப்போவார்கள்.

கடைசியாக ஒன்று. கார்டில் உங்கள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கட்டும், இன்ஷியல் உட்பட. மண்டபத்தின் பெயர், ஊர், தேதி தெளிவாக இருக்கட்டும். 90 நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் அழைப்பிதழைக் கேட்பார்கள், அதனால் மொய் எழுதி முடித்த கையோடு நல்ல கார்டாக நாலு எடுத்து அம்மா பீரோவில் போட்டுவிடுங்கள்.