பல்கலைக்கழக மாணவனுக்கு எந்தக் கிரெடிட் கார்ட் பொருத்தம்?

கேள்வி கேட்ட தம்பி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் வருடம் படிக்கிறார். மகாபொல புலமைப்பரிசில் தவிர வேறு வருமானம் இல்லை. தகப்பன் கட்டாரில். ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு லேப்டொப் தவணையில் எடுக்க வேண்டும், இணையத்தில் வெளிநாட்டு வகுப்புகளுக்கும் காசு கட்ட வேண்டும், எந்த வங்கியின் கார்ட் நல்லது என்கிறார்.

நான் மட்டக்களப்பு நகரில் கம்ப்யூட்டர் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறேன். கார்ட் இழுக்கிற இயந்திரம் என் மேசையில்தான் இருக்கிறது. அதனால் இதில் கொஞ்சம் பேசலாம்.

வங்கியைத் தெரிவு செய்யும் நிலையில் நீங்கள் இல்லை தம்பி. சம்பளத் துண்டு இல்லாதவருக்கு நம் நாட்டில் யாரும் சும்மா கார்ட் கொடுக்க மாட்டார்கள். மகாபொலவை வருமானமாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, வீட்டில் யாருக்காவது கார்ட் இருந்தால் அதன் கீழ் உங்கள் பெயரில் ஒரு துணை அட்டை. மற்றது, நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுப்பது. வைப்பின் முழுத் தொகைக்கும் லிமிட், அதாவது கார்டில் செலவழிக்கக்கூடிய உச்ச அளவு, தராமல் 80, 90 சதவீதம் என்று கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள். கட்டாரில் இருந்து வரும் காசை உம்மா, அம்மா பெயரில் வைப்பில் போடுகிற வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் பெயரில் கார்ட், உங்களுக்குத் துணை அட்டை என்று எடுப்பதுதான் நடைமுறையில் சுகம். ஆனால் நீங்கள் செலவழித்தாலும் கடன் அவர்களுடையது, கட்டாமல் விட்டால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கும் கிறிப்பில் (CRIB) விழுவதும் அவர்கள் பெயர்தான். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

இப்போது லேப்டொப். தவணையில் எடுத்தால் மாதாமாதம் கட்டுகிற தொகைக்கு மட்டும் லிமிட் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒன்றரை லட்சமும் முதல் நாளே லிமிட்டில் பிடிபடும். நீங்கள் கட்டக் கட்டத்தான் விடுபடும். அதாவது ஒரு லட்சம் வைப்பை வைத்து எடுத்த கார்டில் அந்த லேப்டொப் வராது. இரண்டு லட்சத்துக்குக் கிட்ட வைப்பு வேண்டும். அவ்வளவு காசு வீட்டில் இருந்தால் காசு கொடுத்தே வாங்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதையும் கேளுங்கள். வங்கி எங்கள் கடைக்குக் காசு அனுப்பும்போது தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் அனுப்பும். கடைக்காரர் அதைக் கையிலிருந்து போடுவாரா? ஆகவே கேஷ் விலை, கார்ட் விலை என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கேட்டு வித்தியாசத்தைப் பாருங்கள், அதுதான் உங்கள் வட்டி. இன்னொன்று, கார்டை இழுத்தவுடன் அது தானாகத் தவணையாகிவிடாது. சில வங்கிக்குக் கடையிலேயே படிவம் நிரப்ப வேண்டும், சிலதுக்கு நீங்களே அழைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பில்லில் முழுத் தொகையும் வரும்.

அந்தப் பில்லில் 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். பார்க்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஒன்றரை லட்சத்துக்கு அது 5 சதவீதம் என்றால் 7,500 ரூபா. வருட வட்டி 28 சதவீதம் என்று வைத்தால் அதில் 3,500 வட்டிக்கே போகும், கடன் குறைவது 4,000 மட்டும். 2022இல் இந்த வட்டி 36 வரை ஏறியதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முழுத் தொகையையும் குறித்த நாளில் கட்டுகிறவருக்குத்தான் கார்ட் உதவும். ஏரிஎம்மில் கார்டைப் போட்டுக் காசு எடுக்கவே வேண்டாம். அன்றைக்கே கட்டணமும் வட்டியும் ஆரம்பம்.

இணைய வகுப்புக்குக் கிரெடிட் கார்ட் தேவையே இல்லை. மகாபொல விழுகிற கணக்கின் டெபிட் கார்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு வசதியைத் திறந்து தரும்படி கிளையில் கேளுங்கள். சில வங்கிகளில் செயலியிலேயே திறக்கலாம். வகுப்புக்குத் தேவையான அளவு மட்டும் அந்தக் கணக்கில் வைத்திருங்கள். மாற்று விகிதத்துக்கு மேல் வங்கி தன் கட்டணமாகக் குறித்த சதவீதத்தைக் கூடுதலாக எடுக்கும், அது கிரெடிட் கார்டிலும் உண்டு. வட்டியே வேண்டாம் என்று இருக்கிற கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

இதற்குப் பிறகும் துணை அட்டைதான் என்று முடிவெடுத்தால், உங்கள் அட்டைக்குத் தனியாக 15,000, 20,000 என்று ஒரு சிறிய உச்சவரம்பு போட முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் எஸ்எம்எஸ் அம்மாவின் போனுக்குப் போகட்டும். இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கையெழுத்து வைக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். கார்ட் விற்க வருகிற பொடியன்கள் முதல் வருடம் இலவசம் என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.