அம்மம்மா நரகத்தில் இருக்கிறாரா என்ற கேள்விக்கு

உங்கள் அம்மம்மா நரகத்தில் இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை. பெரியகல்லாற்றில் சைவராக வாழ்ந்து மறைந்த உங்கள் அம்மம்மாவைப் பற்றி முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கு வீட்டிலேயே ஒரு போதகர் அவ்வாறு சொன்னது எனக்கும் வலிக்கிறது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சியின்படி இறைவனைத் தேடியவர்கள் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர் பேரவை 1964இல் எழுதியே வைத்திருக்கிறது.

அந்தப் போதகர் பாதாளம், நரகம் என்ற இரண்டு சொற்களை ஒன்றாக்கிப் பேசியிருக்கக்கூடும். பழைய தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் 37:35ஐயும் மத்தேயு 5:22ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முன்னதில், யோசேப்பு இறந்தான் என்று நம்பி அழும் யாக்கோபு, தானும் மகனிடம் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். அது நல்லவரும் தீயவரும் ஒருங்கே சேரும் இறந்தோர் இடம். பின்னதிலுள்ள எரிநரகமோ கிரேக்கத்தில் கெகென்னா, அதாவது பிள்ளைகளைத் தீயில் பலியிட்டதால் சபிக்கப்பட்ட, எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர்.

ஆனாலும் இதைக்கொண்டு நரகமே இல்லை என்று வாதிட வேண்டாம். மத்தேயு 25:46 நித்திய ஆக்கினையைச் சொல்கிறது. விசுவாசியாதவர் அனைவருக்கும் அதுவே முடிவு என்று போதிக்கும் சபைகளும் உண்டு. சில பத்தாண்டுப் பிழைக்கு முடிவற்ற தண்டனை நீதியாகுமா என்று உங்கள் தம்பி கேட்பது நியாயமான கேள்வி; சொல்லாராய்ச்சி மட்டும் அதற்கு விடையாகாது.