கோடிங் டெஸ்ட் தேறியும் வங்கி வேலை கிடைக்கவில்லையே?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு ஐடி கம்பெனியில் ஜாவா, ஸ்பிரிங் பூட் வேலை செய்கிறேன். சென்னையில் உள்ள பன்னாட்டு வங்கிகளின் டெக் சென்டர்களுக்கு முயற்சி செய்கிறேன். ஆன்லைன் கோடிங் டெஸ்ட்டில் தேறிவிடுகிறேன். அடுத்த ரவுண்டில், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றும் சர்வீஸ் எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறேன், ஓடவும் செய்கிறது. ஆனாலும் ‘தேர்வாகவில்லை’ என்றே மெயில் வருகிறது. லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் இன்னும் நூறு கணக்குப் போட்டால் சரியாகுமா? – வாசகர், மேடவாக்கம்

பதில்: வேண்டாம். டெஸ்ட் தேறுகிறவருக்கு அந்த நூறால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சிக்கல் அந்தப் பணம் மாற்றும் கேள்வியில்தான். உங்களுக்குக் கோடு எழுத வருமா என்பது டெஸ்ட்டிலேயே தெரிந்துவிட்டது. பாதி வழியில் ஏதாவது நின்றுபோனால் பணம் எங்கே இருக்கும் என்று யோசிக்கிற ஆளா என்பதை இதில் பார்க்கிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது தொகையின் டேட்டா டைப். தசம எண்ணைத் தோராயமாகவே வைக்கும் ‘டபுள்’ என்று எழுதியிருந்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். ஜாவாவில் டபுளாக 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் எழுதுங்கள், இல்லையென்றால் பைசாவாக மாற்றி லாங் என்ற முழு எண் டைப்பில் வையுங்கள். பிக்டெசிமலிலும் பள்ளம் உண்டு. 0.1-ஐ ஸ்ட்ரிங்காகக் கொடுக்காமல் எண்ணாகக் கொடுத்தால் அதே பிழை உள்ளே நுழைந்துவிடும். ஒப்பிடும்போது 2.0-ஐயும் 2.00-ஐயும் ஈக்வல்ஸ் மெத்தட் வேறு வேறு என்று சொல்லும், கம்பேர்டூ மெத்தட்தான் சரி. ரவுண்டிங் சொல்லாமல் 10-ஐ 3-ஆல் வகுத்தால் எக்செப்ஷன் (பிழை) விழும்.

அடுத்தது, ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகள். கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. 800 ரூபாய்க்கு இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக வந்தால் இரண்டுமே 1,000 என்று படித்து, இரண்டுமே தேறிவிடும். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் டேட்டாபேஸ்கள் இரண்டிலும் டிஃபால்ட்டாக இருக்கும் ரீட் கமிட்டெட் என்ற பாதுகாப்பு நிலை இதைத் தடுக்காது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஜாவாவின் ‘சிங்க்ரனைஸ்டு போடுவேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒரு ஜேவிஎம்முக்குள் (ஓடும் ஒரு ஜாவா புரோகிராமுக்குள்) மட்டும்தான் செல்லும், சர்வீஸோ நான்கு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டேட்டாபேஸில் செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு அந்தக் கணக்கின் வரிசையை (ரோ) மற்றவர் மாற்ற முடியாமல் லாக் செய்யலாம். அல்லது ‘இருப்பு போதுமானால் மட்டும் கழி’ என்று நிபந்தனையோடு ஒரே அப்டேட் போட்டு, எத்தனை வரிசை மாறியது என்று பார்க்கலாம். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அ-விலிருந்து ஆ-வுக்கும், ஆ-விலிருந்து அ-வுக்கும் ஒரே சமயத்தில் பணம் போனால், ஒன்றின் லாக்குக்காக இன்னொன்று காத்து இரண்டும் நின்றுவிடும் டெட்லாக்! எந்தத் திசையில் போனாலும் சிறிய கணக்கு எண்ணையே முதலில் லாக் செய்தால் அது வராது. கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

டிரான்ஸாக்‌ஷனல் அனோட்டேஷன் (மெத்தடின் மேல் எழுதும் ஸ்பிரிங் குறிப்பு) போட்டால், பிழை வரும்போது எல்லாம் ரோல்பேக் ஆகும், அதாவது பழைய நிலைக்குத் திரும்பும் என்பதும் தவறு. செக்டு எக்செப்ஷனுக்கு (கையாளச் சொல்லி ஜாவா கட்டாயப்படுத்தும் பிழைக்கு) ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யாது. அதே கிளாஸுக்குள் இருந்து அந்த மெத்தடை அழைத்தால், ஸ்பிரிங் இடையில் வைக்கும் ப்ராக்ஸி வழியாகப் போகாததால் அனோட்டேஷன் வேலையே செய்யாது.

நிறையப் பேர் விழுவது டைம்அவுட்டில். பணம் கழிந்துவிட்டது, பதில் மட்டும் திரும்பவில்லை. மொபைல் ஆப் மறுபடி அனுப்புகிறது. இரண்டு முறை கழியாமல் இருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி கீ இருக்க வேண்டும். அந்தக் கீயின் மேல், ஒரே கீ இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். கழித்தலும் கீயைப் பதிவதும், நடந்தால் இரண்டும் நடக்கும்படி, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும். ‘முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்சர்ட் செய்வேன்’ என்றால் இரண்டு கோரிக்கைகள் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். வேறு வங்கிக்குப் போகும் பணமானால், டைம்அவுட்டை வெற்றி என்றும் எழுதாதீர்கள், தோல்வி என்றும் எழுதாதீர்கள். ‘நிலுவை’ என்று வைத்து, நிலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு முடிக்கவோ திருப்பவோ செய்ய வேண்டும்.

ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி இதைக் கையால் செய்து பாருங்கள். இரண்டு கணக்குகளில் தலா 10,000 ரூபாய் வைத்து, 50 திரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) இரு திசையிலும் பணம் மாற்ற விடுங்கள். முடிவில் மொத்தம் 20,000 இருக்க வேண்டும், எதுவும் மைனஸில் போகக்கூடாது. பிறகு லாக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டி, கணக்கு எப்படித் தவறுகிறது என்று பாருங்கள்.

மேனேஜர் ரவுண்டில் ரிலீஸ், அதாவது புதிய கோடை சர்வர்களில் ஏற்றுவது பற்றிக் கேட்பார்கள். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய கோடு ஏறவில்லை, அதில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்றுவிட்டது. ‘பிரச்சினை வந்தால் ப்ரொடக்‌ஷன் டேட்டாவை நானே திருத்துவேன்’ என்று ஆர்வத்தில் சொல்லிவிடாதீர்கள். வங்கியில் ஒருவர் செய்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக், காரணம் தேடுவது அதற்குப் பிறகு என்று சொல்லுங்கள்.

தேர்வான பின் பின்னணிச் சரிபார்ப்பு கறாராக இருக்கும். பிஎஃப் யூஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) பதிவில் உள்ள சேர்ந்த, விலகிய தேதிகளோடு ரெஸ்யூமே தேதிகளை இப்போதே ஒப்பிடுங்கள். ஆஃபர் எழுத்தில் வரும்வரை ராஜினாமா வேண்டாம். நோட்டீஸ் 90 நாள் என்றால் எச்ஆரின் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.